தித்திக்கும் ஜப்பானிய பிளம்: உங்கள் இடத்துக்கு எந்த ரகம்? முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய பிளம் கன்று வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "இருப்பதிலேயே எது ரொம்ப இனிப்பு?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை, அதைக் கேட்கும் இடம்தான் தப்பு. குளிர்காலம், உறைபனி, மகரந்தம் தரும் துணை மரம் என்று மூன்று சல்லடையில் சலித்த பிறகு மிஞ்சும் ஐந்தாறு பெயர்களுக்குள்தான் இனிப்பைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போனால், நல்ல பெயர் வாங்கிய ரகம் ஒன்று தோட்டத்தில் வருஷா வருஷம் இலை மட்டும் விட்டுக்கொண்டு நிற்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

உங்கள் இடத்தில் குளிர்காலத்தில் 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையான குளிரில் எத்தனை மணி நேரம் போகிறது, கடைசி உறைபனி எப்போது வரும், நடப்போகிற இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, மண்ணில் தண்ணீர் நிற்கிறதா, இந்த நான்கும் முதலில் வேண்டும். வெயில் குறைந்தது 6 மணி நேரம், 8 இருந்தால் நல்லது. பழத்தின் சர்க்கரை இலையில்தான் உருவாகிறது, நிழலில் நிற்கும் மரத்துக்கு எந்த ரகப் பெயரும் கைகொடுக்காது.

மண்ணைச் சோதிக்க முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். இரண்டாவது தடவை ஊற்றியது மறுநாள் காலையிலும் குழியில் நின்றால் மேட்டுப்பாத்தி கட்டித்தான் நட வேண்டும், வேர்ச்செடியையும், அதாவது ரகத்தை ஒட்டியிருக்கும் அடிச்செடியையும், அதற்கேற்ப எடுக்க வேண்டும் (அது 7-இல்).

இன்னொன்றும் இப்போதே தீர்மானியுங்கள்: சாப்பிடப் போகிறவர்களுக்குப் புளிப்பு கொஞ்சமாவது பிடிக்குமா, அறவே ஆகாதா? ஜாமுக்கும் உலர்த்துவதற்கும் வேறு கணக்கு. இங்கே பேசுவது மரத்திலிருந்து பறித்து அப்படியே கடித்துச் சாப்பிடும் பழத்தைப் பற்றி மட்டும்தான்.

2. லேபிளில் தாவரப் பெயரைப் பாருங்கள்

நமக்கு வேண்டியது புருனஸ் சாலிசினா அல்லது அதன் கலப்பினம். உமே எனப்படும் புருனஸ் மியூமே, லோக்வாட் இரண்டையும்கூட சில நர்சரிகள் ஜப்பானிய பிளம் என்றே விற்கின்றன. உமே ஊறுகாய்க்கானது, லோக்வாட் வேறு இனமே. ரகப் பெயர் இல்லாமல் "சிவப்பு பிளம்" என்று மட்டும் எழுதிய கன்றையும் விட்டுவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் அடுத்து வரும் எந்தப் படியையும் செய்ய முடியாது.

3. குளிர் நேரம்: முதல் சல்லடை

பிளம் மரம் குளிர்காலத்தில் உறங்குகிறது. ஒரு அளவு குளிரைச் சேர்த்த பிறகுதான் மொட்டு விழிக்கும். 0 முதல் 7 டிகிரி வரை உள்ள மணி நேரங்களைக் கூட்டிச் சொல்வதுதான் குளிர் நேரம். இது தோராயக் கணக்குதான், நர்சரிக்கு நர்சரி எண் கொஞ்சம் மாறும். இருந்தாலும் ரகம் பிரிக்க இது போதும்.

மெத்லி 150 முதல் 250 மணி நேரத்தில் திருப்தியாகிவிடும். பியூட்டி, மாரிபோசா இரண்டும் 250-ஐ ஒட்டி. சட்சுமாவுக்கு 300, சாண்டா ரோசாவுக்கு 300 முதல் 400. எலிஃபன்ட் ஹார்ட் 500 கேட்கும். எமரால்ட் பியூட் 600, 700 வரை போகும். குளிர் குறைந்த, ஈரம் மிகுந்த இடங்களுக்கென்றே ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் கல்ஃப் வரிசையை உருவாக்கியது: கல்ஃப்பியூட்டி, கல்ஃப்பிளேஸ், கல்ஃப்ரோஸ். இவை 300-க்குக் கீழேயே பூத்துவிடும், தோல் மட்டும் புளிக்கும்.

குளிர் போதாத மரத்தை அடையாளம் காண்பது சுலபம். பூ ஒரே சமயத்தில் வராமல் இங்கொன்று அங்கொன்றாக வாரக்கணக்கில் இழுக்கும், கிளை நுனியில் மட்டும் இலைக்கொத்து இருக்கும், நடுக்கிளை மொட்டையாக நிற்கும். இதைப் பார்த்ததும் பலர் உரம் போடுகிறார்கள். பட்டினி கிடக்கும் மரம் இல்லை இது, தூக்கம் பத்தாத மரம். உரத்தால் சரியாகாது.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. "குறைந்த குளிர் ரகம் எங்கேயும் வரும்" என்று நினைத்து 1000 மணி நேரம் குளிரும் இடத்தில் மெத்லியை வைத்தால், அதன் கணக்கு குளிர்காலத்தின் பாதியிலேயே முடிந்துவிடும், இரண்டு நாள் வெயில் அடித்ததும் பூக்கத் தொடங்கும், அடுத்த உறைபனியில் எல்லாம் கருகும். ஆகவே உங்கள் இடத்தின் குளிருக்கு மிக அருகில், ஆனால் அதைத் தாண்டாமல் இருக்கும் ரகங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. உறைபனியும் நோயும்: இரண்டாவது சல்லடை

ஜப்பானிய பிளம் ஐரோப்பிய பிளமுக்கு முன்பே பூக்கும். முழுதாக விரிந்த பூ மைனஸ் 2 டிகிரியில் சேதமாகத் தொடங்கும், மைனஸ் 5-ஐ நெருங்கினால் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். பூக்கும் வாரத்தில் அந்த அளவு குளிர் அடிக்கடி வரும் இடமானால் ரகத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, நடும் இடத்தையும் மாற்ற வேண்டும்: குளிர்காற்று வந்து தேங்கும் பள்ளத்தைத் தவிர்த்துச் சரிவின் நடுப்பகுதிக்குப் போங்கள்.

குளிர்காலமே கடுமையாக இருக்கும் இடங்களில் தூய ஜப்பானிய ரகங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். அமெரிக்கக் காட்டு பிளமுடன் கலந்த சுப்பீரியர், ஆல்டர்மன், டோகா போன்றவை அங்கே தாங்கும். டோகாவின் வாசனைக்காகவே அதை வளர்ப்பவர்கள் உண்டு, மற்ற கலப்பினங்களுக்கு நல்ல மகரந்தத் துணையும் அதுதான்.

மழையும் வெக்கையும் சேர்ந்த இடத்தில் பாக்டீரியா இலைப்புள்ளி, தண்டில் பிசின் வடியும் நோய், பழ அழுகல் மூன்றும் வரும். சாண்டா ரோசா மாதிரி வறண்ட கோடைக்குப் பழகிய ரகங்கள் அங்கே சில வருஷத்தில் தேய்ந்துபோகும். அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகம் தந்த ஏயூ ரோசா, ஏயூ ரூப்ரம் போன்றவை இந்த நோய்களைத் தாங்கவென்றே தேர்ந்தெடுத்தவை. சுவையில் உச்சம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வருஷம் நிற்கும் சுமாரான மரம், மூன்றாம் வருஷம் சாகும் அருமையான மரத்தைவிட அதிகப் பழம் தரும்.

5. துணை மரம்: மூன்றாவது சல்லடை

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஜப்பானிய பிளம்களில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. பூ வெள்ளையாக மரத்தை மூடும், தேனீ மொய்க்கும், பிஞ்சும் பிடித்த மாதிரி இருக்கும், அப்புறம் மிளகளவிலேயே மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

தனியாக நின்றாலும் காய்ப்பவை மெத்லி, பியூட்டி, சாண்டா ரோசா, பர்கண்டி. ஒரே மரத்துக்குத்தான் இடம் என்றால் இந்த நாலுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இவையும் துணை இருந்தால் இன்னும் நன்றாகக் காய்க்கும். சட்சுமா, மாரிபோசா, எலிஃபன்ட் ஹார்ட், எமரால்ட் பியூட் எல்லாம் துணை இல்லாமல் ஏமாற்றும்.

துணை என்றால் இன்னொரு பிளம் என்று மட்டும் புரிந்துகொண்டு பக்கத்தில் ஐரோப்பிய பிளமை நடுகிறார்கள். அது உதவாது. ஜப்பானிய பிளமில் 16 குரோமோசோம், ஐரோப்பியதில் 48, பூக்கும் வாரமும் வேறு. அதே ரகத்தில் இரண்டு கன்று வாங்கி நடுவதும் வீண்தான், ஒரே ரகத்து மரங்கள் எல்லாம் ஒட்டுப்போட்டுப் பெருக்கிய ஒரே செடி. வேறு ரக ஜப்பானிய பிளமோ, அதன் கலப்பினமோ, அல்லது மைரோபலான் எனப்படும் செர்ரி பிளமோதான் வேண்டும். அதுவும் அதே வாரத்தில் பூக்க வேண்டும், 15 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. பூக்கும் வாரத்தில் 13 டிகிரிக்குக் கீழே தேனீ அதிகம் வெளியே வராது, அப்படிக் குளிரும் இடத்தில் மரங்கள் நெருங்கி நிற்பது ரொம்ப உதவும்.

துணையாக ஒன்றைச் சொல் என்றால் யோசிக்காமல் சாண்டா ரோசா என்பேன். சட்சுமா, மாரிபோசா, எலிஃபன்ட் ஹார்ட், ஃப்ளேவர் கிங் என்று பலதுக்கும் அது பொருந்தும். இடம் இல்லாதவர்கள் அதன் ஒரு கிளையை இருக்கிற மரத்திலேயே ஒட்டிவிடலாம்.

6. இப்போது இனிப்பு

சலித்து மிஞ்சிய பெயர்களை ஒரு தாளில் எழுதிவிட்டீர்களா? சரி, இனி நாக்குக்கு வருவோம்.

பழச்சாற்றின் சர்க்கரையைப் பிரிக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டு சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். மரத்திலேயே கனிந்த நல்ல பிளம் 16, 18 என்று காட்டும், சில 20-ஐயும் தாண்டும். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி ரகம் வாங்காதீர்கள். ஒரே பிரிக்ஸ் உள்ள இரண்டு பழத்தில் ஒன்று தேனாகவும் மற்றது பல் கூசும்படியும் இருக்கலாம், காரணம் புளிப்பு. பிளமில் அந்தப் புளிப்பு சீராகப் பரவியிருப்பதும் இல்லை.

ஒரு சாண்டா ரோசாவை நிதானமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். பல் பட்டதும் தோல் வெடித்து முதலில் வருவது சுருக்கென்ற புளிப்பு. அடுத்த நொடி அம்பர் நிறச் சதையிலிருந்து சாறு மோவாயில் வழிகிற அளவுக்கு இறங்கும், அங்கேதான் இனிப்பும் வாசனையும். கொட்டையை நெருங்கினால் மறுபடி புளிப்பு. இந்த மூன்றும் மாறி மாறி வருவதை ரசிப்பவர்களுக்கு இதற்கு ஈடு கிடையாது. தோலைத் துப்புகிறவர் வீட்டில் இருந்தால் அவருக்கு இது "புளிச்ச பழம்"தான், பிரிக்ஸ் எவ்வளவு காட்டினாலும் சரி. அதனால் ரகத்தைப் பற்றி விசாரிக்கும்போது "எவ்வளவு இனிப்பு?" என்று கேட்காதீர்கள், "தோல் புளிக்குமா, கொட்டைப் பக்கம் புளிக்குமா?" என்று கேளுங்கள்.

புளிப்பே ஆகாதவர்களுக்கு முதலில் சட்சுமா. வெளியே மங்கலான அரக்கு நிறம், பச்சைத் திட்டு, பார்த்தால் ஆசை வராது. உள்ளே ரத்தச் சிவப்பு, சதை கெட்டி, கொட்டை சிறிசு, தோலில் கடுப்பு இல்லை. மாரிபோசாவும் இதே குடும்பச் சாயல், இன்னும் சாது. பர்கண்டி இவற்றைவிட மிதம், தனியாகவே காய்க்கும், கனிந்த பிறகும் மரத்தில் நின்று பொறுத்திருக்கும். முதல் மரம் வைப்பவருக்கு ஒரே பதில் வேண்டும், குளிர் 400-ஐ ஒட்டி இருக்கிறது என்றால் நான் பர்கண்டியைத்தான் சொல்வேன். மெத்லியும் இனிப்புதான், ஆனால் பழம் சிறிசு, கனிந்தால் சீக்கிரம் குழைந்துவிடும், எல்லாம் ஒன்றாகவும் பழுக்காது.

மஞ்சள் பிளம் வேண்டுமானால் ஷிரோ. சாறு அதிகம், புளிப்பு குறைவு, வாசனையும் குறைவு. அதிகமாகக் காய்க்கவிட்டால் சப்பென்று ஆகிவிடும்.

இனிப்போடு ஆழமும் வேண்டும் என்பவர்கள் எலிஃபன்ட் ஹார்ட்டைப் பாருங்கள். தோல் தடிமன், சதை கருஞ்சிவப்பு, தாமதமாக வரும். எமரால்ட் பியூட் பச்சை நிறத்திலேயே பழுக்கும், காய் என்று நினைத்துப் பறவையும் சில சமயம் விட்டுவைக்கும், மரத்தில் வாரக்கணக்கில் நிற்க நிற்க இனிப்பு ஏறிக்கொண்டே போகும். குளிர் கிடைக்கும் இடத்தில் இதைத் தவறவிட வேண்டாம்.

ப்ளூவாட் எனப்படும் பிளம், ஆப்ரிகாட் கலப்பினங்களையும் இதே தாளில் சேருங்கள், கலிஃபோர்னியாவில் ஃப்ளாய்ட் ஸைகர் உருவாக்கியவை. ஃப்ளேவர் கிங் மசாலா வாசனையோடு வரும், ஃப்ளேவர் கிரெனேட் மொறுமொறுப்பாக, நீள்வட்டமாக, நின்று பழுக்கும். ஃப்ளேவர் சுப்பீரிம் சுவையில் பிரமாதம், காய்ப்பில் கஞ்சம். எல்லாவற்றுக்கும் துணை மரம் கட்டாயம்.

முடிந்தால் வாங்குமுன் சாப்பிட்டுப் பாருங்கள், ஆனால் கடைப்பழத்தை வைத்து ரகத்தை எடை போடாதீர்கள். வண்டியில் அடிபடாமல் வர வேண்டும் என்று செங்காயாகப் பறித்தது அது. அப்புறம் மெத்தென்று ஆகும், புளிப்பு கொஞ்சம் இறங்கும், சர்க்கரை ஏறாது. யாராவது வளர்க்கும் மரத்தடியில் நின்று சாப்பிட்டதுதான் கணக்கு.

7. பழுக்கும் வரிசையும் வேர்ச்செடியும்

இரண்டு மூன்று மரம் வைப்பவர்கள் எல்லாமே ஒரே வாரத்தில் பழுக்கும்படி வாங்கிவிட்டுக் கூடை கூடையாக அழுக விடுகிறார்கள். மெத்லியும் பியூட்டியும் முதலில், அடுத்து சாண்டா ரோசாவும் ஷிரோவும், பிறகு சட்சுமாவும் பர்கண்டியும், கடைசியில் எலிஃபன்ட் ஹார்ட், அதற்கும் பின்னே எமரால்ட் பியூட். முன்னே ஒன்று, நடுவே ஒன்று, பின்னே ஒன்று எடுங்கள். பூக்கும் நேரம் ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் திரும்பச் சரிபாருங்கள், பழுக்கும் வரிசையும் பூக்கும் வரிசையும் ஒன்றல்ல.

ரகம் மேலே, வேர்ச்செடி கீழே. தண்ணீர் தேங்கும் களிமண்ணுக்கு மரியானா 2624 அல்லது மைரோபலான், இரண்டிலும் வேரிலிருந்து பக்கக்கன்று முளைக்கும், அவ்வப்போது வெட்ட வேண்டும். நெமகார்ட் மணற்பாங்கான, நன்றாக வடியும் மண்ணுக்கு, நூற்புழுவையும் தாங்கும், ஈரத்தில் அழுகும். சைட்டேஷன் மரத்தைச் சற்றுச் சிறிதாக வைக்கும், ஈரத்தையும் ஓரளவு பொறுக்கும். குள்ள வேர்ச்செடி வாங்கினால் கவாத்து தேவையில்லை என்று நம்பாதீர்கள். கோடையில் ஒரு தடவை உயரத்தை வெட்டினால்தான் கைக்கு எட்டும், உள்கிளைக்கும் வெயில் போகும்.

8. கன்றைப் பார்த்து எடுப்பது

பெரிய கன்று சீக்கிரம் காய்க்கும் என்று விரல் தடிமனை விட்டுவிட்டு மணிக்கட்டு தடிமனைத் தேடுகிறார்கள். உறக்க காலத்தில் வேரோடு பிடுங்கி விற்கும் கன்றுக்கு வேரின் பெரும்பகுதி நிலத்திலேயே போயிருக்கும், பெரிய தலையை அந்த வேரால் தாங்க முடியாது. நடுத்தரம் போதும். ஒட்டு முடிச்சு ஆறியிருக்க வேண்டும், பட்டையில் பிசின் கட்டியோ கறுப்பு வீக்கமோ இருக்கக் கூடாது. நடும்போது ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே நிற்கட்டும்.

9. ரகத்தின் சுவையைக் காட்ட வைப்பது

சரியான ரகத்தை வாங்கியும் "சப்பென்று இருக்கிறது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பிஞ்சு கலைக்காதவர்கள். பிஞ்சு 2 சென்டிமீட்டர் ஆனதும், கொட்டை இறுகும் முன், ஒன்றுக்கொன்று 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி வருமாறு மிச்சத்தைக் கிள்ளிவிட வேண்டும். மனசு வராது, தெரியும். ஆனால் மரத்தில் உள்ள இலைகள் செய்யும் சர்க்கரைதான் எல்லாப் பழத்துக்கும் பங்காகிறது. பங்காளி குறைந்தால் பங்கு கூடும், கிளையும் முறியாது.

பறிப்பதில் நிறத்தை நம்பாதீர்கள். பல ரகங்கள் கனிவதற்கு வெகு முன்பே முழு நிறம் காட்டிவிடும். காம்புக்கு எதிர்ப்பக்கம், நுனியில், பெருவிரலால் லேசாக அழுத்துங்கள். அங்கே இளகியிருந்து, பழத்தைச் சற்றுத் திருப்பினாலே கையோடு வந்தால் பறிக்கலாம். வெயில் படும் மேல்கிளைப் பழம் முதலில் கனியும், இனிப்பும் அதிலேயே கூடுதல். எனவே ஒரே நாளில் மரத்தை மொட்டையடிக்காமல் சில நாள் விட்டு விட்டுப் பறியுங்கள். பறிக்கும் வாரத்தில் தண்ணீரைக் கொஞ்சம் குறைப்பது நல்லது, வாடவிடக் கூடாது. காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று நிறையத் தண்ணீர் பாய்ந்தால் தோல் வெடிக்கும்.

10. நான்கைந்து வருஷம் கழித்தும் பிடிக்கவில்லையென்றால்

முதல் காய்ப்பை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், இளம் மரத்தின் முதல் பழங்கள் பெரும்பாலும் சப்பையாகத்தான் இருக்கும். பிஞ்சு கலைத்து, கனியவிட்டுப் பறித்து, இரண்டு மூன்று பருவம் பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் மரத்தை வெட்ட வேண்டாம், தலையை மாற்றுங்கள்.

மரம் உறங்கும்போது வேண்டிய ரகத்தின் பென்சில் தடிமன் குச்சிகளை வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டு, பழங்கள் இல்லாத குளிர்பெட்டியில் வையுங்கள். ஆப்பிள் மாதிரி பழங்கள் விடும் எத்திலீன் மொட்டைக் கெடுக்கும். மொட்டு உப்பத் தொடங்கும் நேரத்தில் மரத்தின் கிளையை வெட்டிப் பிளந்து, குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, கிளையின் உள்பட்டையும் குச்சியின் உள்பட்டையும் ஒரு பக்கமாவது தொடும்படி வைத்து இறுக்கிக் கட்டி மெழுகு பூசுங்கள். எல்லாக் கிளையையும் ஒரே வருஷத்தில் வெட்டாதீர்கள். ஒன்றிரண்டு பழைய கிளை இலையோடு நின்றால்தான் வேர் பட்டினி கிடக்காது, வெயிலில் பட்டையும் கருகாது. ஷிரோ மாதிரி முரட்டு வளர்ச்சி உள்ளதை ஒட்டினால் வடக்கிலோ தெற்கிலோ வெயில் குறைவாகப் படும் பக்கத்தைக் கொடுங்கள், சாது ரகத்துக்கு நல்ல வெயில் பக்கம். இல்லையென்றால் ஷிரோ மரம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஒட்டிலும் அழியாத தகட்டில் ரகப் பெயரைப் பொறித்துத் தொங்கவிடுங்கள், கம்பியைத் தளர்வாகக் கட்டி வருஷம் ஒரு முறை இன்னும் தளர்த்துங்கள், கிளை தடித்தால் அந்தக் கம்பியே கழுத்தை இறுக்கும்.